பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

பாட்டரியால் இயங்கும் கைக்கருவிகளைப் பற்றிக் குடியானவர்களுக்குச் சில யோசனைகள்

ஏரும் மண்வெட்டியும் கவலையும் கொண்டு பயிர்த்தொழில் நடந்த நாட்களில், பழுதுற்ற கருவியைச் செப்பனிடுவதா, தள்ளிவிட்டு வேறு வாங்குவதா என்னும் கேள்வி எழுவது அரிதாயிருந்தது. கொழு தேய்ந்தால் கொல்லர் உலையில் காய்ச்சி அடித்துக் கொடுப்பார். மேழி முறிந்தால் தச்சர் வேறு செதுக்கிப் பூட்டுவார். கருவியின் உறுப்பு ஒவ்வொன்றும் கண்ணுக்குப் புலப்பட்டதாதலால், கெட்டது எது, கெடாதது எது என்பதைக் குடியானவர் தாமே அறிந்திருந்தார். பாட்டரியால் இயங்கும் கருவிகளோ அத்தன்மையன அல்ல. அவற்றின் உறுப்புகள் மூடிய பெட்டிக்குள் இருக்கின்றன. ஒருநாள் சுவிட்சைத் தட்டினால் ஓசை எழுவதில்லை. வெளியே தெரிவது அவ்வளவே. அந்நிலையில், "இது போய்விட்டது, புதியது எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒருவரும், "சில நூறு ரூபாயில் சரி செய்துவிடலாம்" என்று மற்றொருவரும் சொல்ல, கருவிக்கு உடையவர் எதை நம்புவதென்று அறியாமல் திகைக்கிறார். நல்ல கருவியை எறிந்து பணத்தை இழப்போரும் உண்டு. எறியத்தக்க கருவியை ஒட்டுப்போட்டு வைத்துக்கொண்டு உடம்பைக் கெடுத்துக்கொள்வோரும் உண்டு. இவ்விரு பிழைகளுக்கும் இடங்கொடாமல் முடிவு செய்யும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கள்ளக்குறிச்சி ஜில்லா 2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் விழுப்புரம் ஜில்லாவினின்றும் பிரிந்து தனி ஜில்லாவாயிற்று. அதன் சமவெளிப் பகுதியில் நெல், கரும்பு, மக்காச்சோளம், பருத்தி, மரவள்ளி முதலியவை பயிராகின்றன. மேற்கே கல்வராயன் மலையில் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் சாமையும் மரவள்ளியும் மக்காச்சோளமும் பயிரிட்டு வருகின்றனர். இவ்விரு பகுதிகளிலும் முதுகில் சுமந்து மருந்தடிக்கும் பாட்டரி ஸ்பிரேயர் இப்பொழுது மண்வெட்டிக்கு அடுத்தபடியாக அறிமுகமான கருவியாகிவிட்டது.

தெளிக்கவேண்டிய காலத்தில் அக்கருவி ஓடாமற்போனால் விளையும் கேடு சிறிதன்று. மக்காச்சோளத்தைத் தாக்கும் படைப்புழு 2018-ஆம் ஆண்டில் இந்தியாவில் முதன்முதலாகக் காணப்பட்டது. அவ்வாண்டே தமிழ்நாட்டிலும் பரவிற்று. இளம் புழு இலையைச் சுரண்டித் தின்னும் பருவத்தில் மருந்து குருத்தில் விழுந்தால் பலன் உண்டு. புழு பெருத்துக் குருத்துக்குள் புகுந்து, தன் எச்சத்தால் வழியை அடைத்துக்கொண்ட பின்னர்த் தெளிப்பது பெரும்பாலும் வீண். ஆகவே, கருவியைப் பற்றிய முடிவைக் கருவியின் விலையை மட்டும் பார்த்துச் செய்யலாகாது. வயலில் தவறிப்போகும் நாளையும் அக்கணக்கிற் சேர்க்கவேண்டும்.

உறுப்புகளின் ஆயுள் ஒன்றன்று

சாதாரண பாட்டரி ஸ்பிரேயரில் ஏறத்தாழ 16 லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் டேங்கும், 12 வோல்ட் பாட்டரியும், சிறு மோட்டாருடன் இணைந்த பம்பும், சுவிட்சும் கம்பிகளும், குழாயும் நாசிலும், வெளியே தனியாக ஒரு சார்ஜரும் உள்ளன. இவையாவும் ஒரே நாளில் வாங்கப்பட்டாலும் ஒரே நாளில் முதுமை அடைவதில்லை. டேங்க் பல வருஷம் இருக்கும். மோட்டார் அதற்கடுத்தபடி உழைக்கும். பம்பிலுள்ள ரப்பர்ச் சவ்வும் வால்வுகளும் மருந்தின் காரத்தாலும் மணலாலும் அதைவிட விரைவில் தேயும். எல்லாவற்றிலும் முந்திக் கெடுவது பாட்டரி. பெரும்பாலான ஸ்பிரேயர்களில் இருப்பது மூடிய ஈய அமிலப் பாட்டரி. நன்றாகக் காப்பாற்றினால் அது 2 அல்லது 3 வருஷம் உழைக்கும். அசட்டையாக விட்டால் ஒரு பட்டத்திலேயே ஓய்ந்துவிடும்.

இவ்வுண்மையை மனத்திற்கொண்டால் பாதிக் கவலை தீரும். கருவி கெட்டது என்பது பெரும்பாலும் அதன் ஓர் உறுப்பு கெட்டது என்பதே. மாட்டின் லாடம் தேய்ந்ததற்காக மாட்டை விற்பவர் எவருமில்லை. எனவே முதலில் கேட்கவேண்டிய கேள்வி, "செப்பனிடுவதா, வாங்குவதா" என்பதன்று; "கெட்ட உறுப்பு யாது" என்பதே.

கெட்ட உறுப்பைக் கண்டறியும் முறை

செலவில்லாத சோதனையை முதலிலும், செலவுள்ளதைப் பின்னரும் செய்வது முறை. கையுறை அணிந்து, டேங்கை மும்முறை நீரால் கழுவியபின் கீழ்க்கண்டவாறு பார்த்து வரலாம்.

1. மோட்டார் ஒலிக்கிறது, ஆனால் மருந்து சரியாக வரவில்லை என்றால், டேங்கின் அடியிலுள்ள வடிகட்டியையும் கைப்பிடியிலுள்ள வடிகட்டியையும் நாசிலையும் கழற்றிக் கழுவவேண்டும். நாசிலை வாயால் ஊதுவது மிகவும் அபாயகரமானது. பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி மருந்து வீணாகும்.

2. மோட்டார் சிறிதும் ஒலிக்கவில்லையெனில், பாட்டரி முனைகளையும் பியூஸையும் சுவிட்சையும் பார்க்கவேண்டும். முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கம்பியைக் கழற்றி உப்புக்காகிதத்தால் தேய்த்து இறுகப் பொருத்தவேண்டும். சில கருவிகளுக்கு இதற்கு மேல் வைத்தியம் தேவைப்படாது.

3. அடுத்தது சார்ஜர். பாட்டரி ஏறவில்லை என்று சொல்லப்படும் கருவிகள் சிலவற்றில் பழுதுற்றிருப்பது சார்ஜரே. அண்டை வீட்டார் அதே விதமான கருவி வைத்திருந்தால் அவருடைய சார்ஜரை ஓரிரவு போட்டுப் பார்க்கலாம்.

4. பாட்டரியைச் சோதிக்க மல்டிமீட்டர் என்னும் அளவுகருவி உதவும். முழுதும் ஏற்றிச் சில மணி நேரம் ஓய்வாக வைத்த 12 வோல்ட் ஈய அமிலப் பாட்டரி ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்டவேண்டும். பின்னர்ப் பம்பை ஓடவிட்டு மறுபடியும் பார்க்கவேண்டும். சில நிமிஷங்களிலேயே 10.5 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கினால் பாட்டரியின் சத்து தீர்ந்தது என்று அறியலாம். ஓய்வில் நல்ல அளவைக் காட்டி, வேலை கொடுத்தவுடன் சரியும் பாட்டரியைக் கண்டு ஏமாறலாகாது.

5. அளவுகருவி இல்லாத ஊரிலும் ஒரு வழி உண்டு. மோட்டார் சைக்கிளின் பாட்டரியும் 12 வோல்ட்தான். ஸ்பிரேயரின் பாட்டரியை நீக்கிவிட்டு, சிவப்புக் கம்பி நேர்முனையிலும் கறுப்புக் கம்பி எதிர்முனையிலும் சேருமாறு இரண்டு நல்ல கம்பிகளால் இணைத்தால், பம்பு முழு வேகத்துடன் ஓடுகிறதா என்பது தெரியும். ஓடினால் குறை பாட்டரியிலே. ஓடாவிடில் குறை மோட்டாரிலோ சுவிட்சிலோ இருக்கிறது. கம்பி முனைகள் ஒன்றோடொன்று தொட்டுவிட்டால் தீப்பொறி பறக்குமாதலால், மின்வேலை பழகியவரைக் கொண்டே இதைச் செய்விக்கவேண்டும்.

6. நல்ல பாட்டரியால் மோட்டார் ஓடியும் அழுத்தம் இல்லையெனில் பம்பின் சவ்வும் வால்வும் தேய்ந்திருக்கும். கைப்பிடியை மூடியபின்னும் மோட்டார் நிற்காவிடில் அழுத்தத்தை அறிந்து நிறுத்தும் பிரஷர் சுவிட்சிலோ, எங்கேனும் ஒழுகும் மூட்டிலோ குறை இருக்கும். இவையெல்லாம் தனித்தனியே மாற்றக்கூடிய சாமான்கள்.

இச்சோதனைகளை முடித்துக்கொண்டு கடைக்குச் செல்பவர், "பாட்டரி வேண்டும்" என்றோ "பம்பு வேண்டும்" என்றோ கேட்பார். சோதியாமற் செல்பவர், "என்ன கெட்டதென்று பாருங்கள்" என்பார். இருவரும் கொடுக்கும் பணத்தில் வேற்றுமை இருப்பது இயல்பே.

லாப நஷ்டக் கணக்கு

செப்பனிடும் செலவு புது விலையில் பாதிக்கு மேற்பட்டால் புதிது வாங்கவேண்டும் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. இவ்விதி எளிது, ஆயினும் எப்பொழுதும் சரியன்று. செலவிட்டபின் கருவி எத்தனை வருஷம் உழைக்கும் என்பதை அது கேட்பதில்லை. மேலும், புதிதாக வாங்கும் கருவியும் இரண்டு வருஷத்தில் பழைய பாட்டரியுள்ள கருவியாகிவிடும் என்பதையும் அது மறந்துவிடுகிறது.

கணக்கிற்காக ஒரு புதிய ஸ்பிரேயரின் விலை 3,000 ரூபாய் எனவும், பாட்டரி 900 ரூபாய் எனவும், பம்பு 700 ரூபாய் எனவும் வைத்துக்கொள்ளலாம். கருவி 5 வருஷமும் பாட்டரி 2 வருஷமும் உழைக்கும் எனக் கொள்க. அந்த 5 வருஷத்தில் இருமுறை பாட்டரி மாற்றவேண்டியிருக்குமாதலால், புதிய கருவிக்கு ஆகும் மொத்தச் செலவு 3,000-மும் 1,800-மும் சேர்ந்து 4,800 ரூபாய். அதாவது வருஷத்திற்கு 960 ரூபாய். இந்தத் தொகையே அளவுகோல்.

பழைய கருவியில் பாட்டரி மட்டும் கெட்டிருந்தால், 900 ரூபாய் செலவில் 2 வருஷம் நடக்கும். வருஷத்திற்கு 450 ரூபாய். ஐயமின்றிச் செப்பனிடலாம். பாட்டரியும் பம்பும் சேர்ந்து கெட்டிருந்தால் செலவு 1,600 ரூபாய். இது புது விலையில் பாதிக்கு மேற்பட்டதாதலால் பொது விதி "வாங்கு" என்று சொல்லும். ஆனால் கருவி இன்னும் 2 வருஷம் உழைக்குமாயின் வருஷச் செலவு 800 ரூபாயே. அதாவது 960-க்குக் குறைவு. இங்கும் செப்பனிடுவதே லாபம். அதே 1,600 ரூபாயைச் செலவிட்டு, டேங்கும் மோட்டாரும் பழையனவாயிருப்பதால் ஒரே வருஷம்தான் ஓடும் என்று தோன்றினால் கணக்கு மாறுகிறது. பாட்டரி பின்னர் வேறு கருவிக்கு உதவும் என்று 450 ரூபாயைக் கழித்தாலும் 1,150 ரூபாய் நிற்கும். அப்பொழுது புதிது வாங்குவதே சிக்கனம். விலைகள் ஊருக்கு ஊர் வேறுபடுமாதலால், குடியானவர் தம் ஊர் விலைகளை இக்கணக்கில் இட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இக்கணக்கை வெல்லக்கூடியது ஒன்றே: அது பட்டத்தின் நடுவே இழக்கும் நாள். ஒரே பட்டத்தில் இருமுறை பழுதான கருவியைச் செப்பனிட்டு வைத்துக்கொள்ளலாமாயினும், அதை ஒன்றையே நம்பி மருந்து கலக்கலாகாது.

பழைய கருவியைக் காப்பாற்றுவதற்கு மற்றொரு நியாயமும் உண்டு. களைக்கொல்லி தெளித்த கருவியால் பயிருக்குப் பூச்சிமருந்து தெளிப்பது ஆபத்து. 2,4-டி என்னும் களைக்கொல்லி சிறிதளவே டேங்கில் தங்கியிருந்தாலும் பருத்தி போன்ற அகன்ற இலைப் பயிர்களைச் சுருக்கிவிடும். ஆதலால் வீட்டில் இரண்டு கருவிகள் இருப்பது நன்று. செப்பனிட்ட பழைய ஸ்பிரேயரில் சிவப்பு வர்ணம் பூசிக் களைக்கொல்லிக்கென்றே ஒதுக்கிவிட்டால், எறியவிருந்த கருவி பயிரைக் காக்கும் கருவியாகும்.

செப்பனிடலாகாத பழுதுகள்

சில பழுதுகளில் கணக்குக்கே இடமில்லை. டேங்கின் அடியிலோ முதுகுப் பக்கத்திலோ வெடிப்புக் கண்டால் அக்கருவியை மருந்துக்கு உபயோகிப்பதை அன்றே நிறுத்தவேண்டும். பசையோ உருக்கிய பிளாஸ்டிக்கோ கொண்டு அடைத்த வெடிப்பு, 16 லிட்டர் பாரத்தாலும் நடையின் குலுக்கலாலும் மீண்டும் விரியும். ஒழுகும் மருந்து சுமப்பவரின் முதுகிலும் இடுப்பிலும் ஊறித் தோல் வழியாக உடம்பில் ஏறும். மருந்தடிப்பவர் பெரும்பாலும் கூலியாள்; கருவி வேறொருவருடையது. செலவை மிச்சம் பிடிப்பவர் ஒருவராகவும், அதன் துன்பத்தை அனுபவிப்பவர் மற்றொருவராகவும் இருக்கும் சிக்கனம் சிக்கனமாகாது. உடையவர் தம் மகனின் முதுகில் ஏற்றத் துணியாத கருவியைக் கூலியாளின் முதுகிலும் ஏற்றலாகாது.

வாரும் கொக்கியும் அறுந்தால் புதியவை பொருத்தலாம்; கயிற்றால் கட்டலாகாது. மூடியின் வாஷர் தேய்ந்தால் உடனே மாற்றவேண்டும். கழித்த டேங்கைத் தண்ணீர் சேர்க்கவோ தீவனம் நனைக்கவோ ஒருபோதும் உபயோகிக்கலாகாது.

பாட்டரித் துளைக்கருவி

சொட்டு நீர்ப்பாசனக் குழாய்களில் துளையிட்டுச் சிறுகுழாய் பொருத்துவதற்கும், பந்தல், வேலி, கொட்டகை வேலைகளுக்கும் கம்பியில்லாத டிரில் மெஷின் இக்காலத்தில் வழக்கத்துக்கு வந்திருக்கிறது. 2021-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மரச் சிற்பத்திற்குப் பேர்போன கள்ளக்குறிச்சிப் பகுதியில் தச்சுப் பட்டறைகளுக்கும் அது புதியதன்று. 1961-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிளாக் அண்டு டெக்கர் கம்பெனி இத்தகைய கருவியை வெளியிட்டது. 1971-ஆம் ஆண்டில் அப்பல்லோ 15-இல் சென்றவர்கள் சந்திரனின் தரையைத் துளைத்ததும் பாட்டரித் துளைக்கருவி கொண்டே. அக்காலத்துக் கருவிகளில் இருந்த பாட்டரிகளுக்குப் பதிலாக இப்பொழுது பெரும்பாலும் லித்தியம் பாட்டரி வருகிறது. அப்பாட்டரியை உருவாக்கிய மூவருக்கு 2019-ஆம் ஆண்டில் ரசாயனத்திற்கான நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

இதிலும் முதற் கேள்வி அதுவே. நன்றாயிருக்கும் மற்றொரு பாட்டரியைப் பொருத்தினால் கருவி ஓடுகிறதா? ஓடினால் கருவி பிழைத்தது. ஓடாவிடில் சுவிட்சும், மோட்டாரின் கரித்துண்டுகளும் பார்க்கத்தக்கவை. கரித்துண்டு தேய்ந்தால் மாற்றுவது எளிது. ஆனால் மோட்டாரின் செப்புச் சுருளே கருகி நாற்றம் வீசினால், மலிவான கருவியாயின் செப்பனிடுவதில் பயனில்லை. அலகைப் பிடிக்கும் வாய் தளர்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். அதன் உள்ளே இருக்கும் திருகாணி பெரும்பாலும் மறுபுறம் திருகுவது. இதை அறியாமல் வலிந்து திருகி உடைத்தவர் பலர்.

பாட்டரியே கெட்டதெனில் கணக்குச் சற்று வேறு. லித்தியம் பாட்டரி விலை அதிகமுள்ளது. துளைக்கருவியும் இரண்டு பாட்டரியும் சேர்ந்த தொகுதியின் விலை, இரண்டு பாட்டரிகளைத் தனியே வாங்கும் விலையைச் சிறிதே மிஞ்சியிருப்பதும் உண்டு. அவ்வாறிருந்தால் அதே கம்பெனியின் அதே வகைத் தொகுதியை வாங்குவது நன்று. பழைய கருவியும் புதிய பாட்டரியால் ஓடும். ஒரு கம்பெனியின் பாட்டரி மற்றொன்றின் கருவியில் பொருந்தாதாதலால், கண்டபடி பல கம்பெனிக் கருவிகளை வாங்குவது பின்னர்ச் செலவை வளர்க்கும். 18 வோல்ட் என்று ஒன்றிலும் 20 வோல்ட் என்று மற்றொன்றிலும் எழுதியிருப்பதைக் கண்டு பின்னது வலியது என்று எண்ணவேண்டாம். இரண்டிலும் ஐந்து அறைகளே. முன்னது வேலை செய்யும்போதுள்ள சராசரி அளவு, பின்னது முழுதும் ஏற்றியவுடன் உள்ள அளவு.

லித்தியம் பாட்டரியை வீட்டில் பிரிப்பது கூடாது. உள்ளறையில் ஆணி பட்டாலும், முனைகள் தொட்டாலும், சூட்டுக்கோலால் நேரே பற்றவைத்தாலும் தீப்பிடிக்கக்கூடும். அத்தீ எளிதில் அணையாது. அறைகளை மாற்றித் தரும் தொழிலாளரிடம் கொடுப்பதாயின், ஒரே வகையான புது அறைகளை அதற்குரிய யந்திரத்தால் பற்றவைத்து, காவல் சுற்றையும் சோதித்துத் தருபவரா என்று விசாரிக்கவேண்டும். வீங்கிய பாட்டரியை எவரிடமும் செப்பனிடக் கொடுக்கலாகாது. சில புதிய ஸ்பிரேயர்களிலும் லித்தியம் பாட்டரி இருப்பதால், ஈயப் பாட்டரியின் சார்ஜரை அதற்குப் போடாதிருப்பதும் மிக முக்கியம்.

மலையூர்க் குடிகளுக்கு

வெள்ளிமலை, கரியாலூர் முதலிய மலையூர்களைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் இருப்போர், ஒரு வாஷருக்காகச் சின்னசேலத்திற்கோ கள்ளக்குறிச்சிக்கோ இறங்கி வந்து திரும்புவதில் ஒருநாள் போய்விடும். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்னும் பழமொழி இவர்களுக்கே பொருந்தும். ஆகவே இவர்களுடைய கணக்கில் உறுப்பின் விலையோடு பஸ் கட்டணமும் ஒருநாள் கூலியும் சேரும்.

இதற்குப் பரிகாரம் மூன்று. முதலாவது, ஓர் ஊரார் கலந்து பேசி ஒரே வகையான ஸ்பிரேயரை வாங்குவது. அப்பொழுது கெட்ட இரண்டு கருவிகளின் நல்ல உறுப்புகளைச் சேர்த்து ஒரு நல்ல கருவி ஆக்கலாம். இரண்டாவது, பொதுவில் ஒரு சார்ஜரும், பம்புச் சவ்வு, வால்வு, வாஷர், பியூஸ், நாசில் ஆகியவற்றில் சிலவும் வாங்கி ஒருவர் வீட்டில் வைத்திருப்பது. பாட்டரியை மட்டும் வாங்கிச் சும்மா வைத்தல் கூடாது. உபயோகமின்றியே அது முதுமை அடையும். மூன்றாவது, புதிது வாங்குங்கால் கைப்பிடியாலும் பாட்டரியாலும் இயங்கும் இருவழி ஸ்பிரேயரையே தேர்ந்தெடுப்பது. காற்றும் மழையும் மின்சாரத்தைத் தடுக்கும் நாட்களில் கைப்பிடி காப்பாற்றும். பழைய கைஸ்பிரேயர் வைத்திருப்போர் அதை விற்காதிருப்பது நலம்.

பாட்டரியின் ஆயுளை நீட்டித்தல்

செப்பனிடுவதினும் சிறந்தது கெடாமற் காத்தல். ஈய அமிலப் பாட்டரியை உபயோகித்த அன்று மாலையே ஏற்றிவிட வேண்டும். இறங்கிய நிலையில் விட்டால் உள்ளிருக்கும் ஈயத் தகடுகளில் ஒருவித உப்புப் படிந்து கெட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் ஏறாது. அறுவடைக்குப் பின் ஸ்பிரேயரைப் பரண்மேல் போட்டுவிட்டு அடுத்த பட்டத்தில் எடுத்துப் பார்த்துப் "பாட்டரி செத்துவிட்டது" என்பது இதனால்தான். வேலையில்லாக் காலத்திலும் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை ஏற்றிவைக்க வேண்டும். தகரக் கொட்டகையின் வெப்பத்தில் வைக்கலாகாது. சாதாரண வெப்பநிலைக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் இப்பாட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது. மலிவான சார்ஜரில் நாட்கணக்காக மாட்டிவைப்பதும் கேடு.

லித்தியம் பாட்டரிக்கு விதி வேறு. அதை நெடுநாள் வைப்பதாயின் முழுதும் ஏற்றாமலும் முழுதும் இறக்காமலும் பாதியளவில் வைத்து, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் பத்திரப்படுத்த வேண்டும்.

கழித்த பாட்டரியும் சட்டமும்

ஓய்ந்த ஈயப் பாட்டரியைப் பாட்டரிக் கடையில் கொடுத்தால் புதியதன் விலையில் ஒரு தொகையைக் கழித்துக்கொள்வது வழக்கம். அந்த ஈயத்தை உருக்கி மீண்டும் பாட்டரி செய்யலாம். அதை உடைத்து அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றுவதும், ஈயத்தை வீட்டு அடுப்பில் உருக்குவதும் குழந்தைகளின் மூளைக்கே விஷமாகும். 2001-ஆம் ஆண்டின் பழைய விதிகளுக்குப் பதிலாக 2022-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் பாட்டரிக் கழிவு விதிகளை வெளியிட்டது. ஈயம், லித்தியம் முதலிய எல்லா வகைப் பாட்டரிகளையும் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு அவற்றைச் செய்து விற்கும் கம்பெனிகளைச் சார்ந்தது என்பது அவ்விதிகளின் சாரம்.

உதிரி உறுப்பு கிடையாமையால் நல்ல கருவியை எறியவேண்டி வருவது இந்நாட்டில் மட்டும் உள்ள குறையன்று. அமெரிக்காவின் கொலராடோ மாகாணம், விவசாய யந்திரங்களைக் குடியானவர் தாமே செப்பனிட வேண்டிய உறுப்புகளையும் விவரங்களையும் கம்பெனிகள் தரவேண்டும் என்று 2023-ஆம் ஆண்டில் சட்டம் செய்தது. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மத்திய நுகர்வோர் விவகார இலாகா பழுதுபார்க்கும் உரிமையைப் பற்றி ஆராய ஒரு கமிட்டியை நியமித்தது. அது முதலில் எடுத்துக்கொண்ட நான்கு துறைகளுள் விவசாயக் கருவிகளும் ஒன்று. அவ்வருஷம் டிசம்பர் 24-ஆம் தேதி இதற்கென ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. வாரண்டி காலத்திற்குள் கெட்ட கருவியைச் சரிசெய்து தர மறுத்தால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதற்கு ரசீது அவசியம். ரசீது இன்றி வாங்குவதில் மிஞ்சும் சிறு தொகை, பின்னர் முறையிடும் வழியையே அடைத்துவிடும்.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கவை

ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் கூட்டுறவுச் சங்கத்தாரும் மனம் வைத்தால், ஆடிப்பட்டத்திற்கு முன் ஆனி மாதத்தில் ஒருநாளைக் கருவிச் சோதனை நாளாக வைக்கலாம். உதவி வேளாண்மை அலுவலரையும், மின்வேலை தெரிந்த ஓர் உள்ளூர் இளைஞரையும், ஒரு மல்டிமீட்டரையும் கொண்டு ஊரிலுள்ள ஸ்பிரேயர்களை ஒரே நாளில் சோதித்து, எதற்குப் பாட்டரி, எதற்குச் சவ்வு, எதற்கு நாசில் வேண்டும் என்று ஒரு ஜாபிதா எழுதிவிடலாம். அதைக்கொண்டு ஒருவரே சென்று எல்லாச் சாமான்களையும் வாங்கி வந்தால் விலையும் குறையும். பஸ் செலவும் ஒன்றாகும். வெடித்த டேங்குகளை அன்றே பிரித்து, அவற்றின் நல்ல உறுப்புகளைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம்.

சுருங்கச் சொல்லின், பாட்டரி ஓய்ந்தால் பாட்டரியை மாற்றவேண்டும். பம்பு தேய்ந்தால் வருஷக் கணக்குப் பார்த்து மாற்றவேண்டும். டேங்க் வெடித்தால் கணக்குப் பாராமல் கழிக்கவேண்டும். எதையும் மழைக்கு முன்னரே, மருந்து கலக்குமுன்னரே செய்யவேண்டும். புழு குருத்துக்குள் புகுந்த பின்னர்ச் செப்பனிட்ட கருவி எவ்வளவு நன்றாக ஓடினும் பயன் சிறிதே.